எந்த ஸ்கோரை அனுப்புவது, எதை விடுவது?

வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது வேறு பேச்சே இல்லை போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளின் ஸ்கோர் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகள் எஸ்.ஏ.டி. மூன்று தடவை எழுதிவிட்டாள். மார்ச்சில் 1380 (ரீடிங் 710, மேத் 670), ஜூனில் 1410 (ரீடிங் 660, மேத் 750), ஆகஸ்டில் 1400 (ரீடிங் 690, மேத் 710). ஜூன்தான் அதிகம், அதை மட்டும் அனுப்பினால் போதும்தானே? மூன்று தடவை எழுதியது தெரிந்தால் தப்பாக நினைப்பார்களோ என்றும் பயம்.
வாசகி, நியூ ஜெர்சி

நல்லவேளை பிரிவு வாரியாக எழுதினீர்கள் சகோதரி. மொத்தத்தை மட்டும் சொல்லியிருந்தால் நானும் ஜூனையே அனுப்பச் சொல்லியிருப்பேன். மார்ச் ரீடிங் 710, ஜூன் மேத் 750, இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 1460 வருகிறது. இதைத்தான் சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள். வேறு வேறு தேதிகளில் எழுதிய தேர்வுகளில் இருந்து ஒவ்வொரு பிரிவிலும் உயர்ந்த எண்ணை எடுத்து, கல்லூரியே கூட்டிக்கொள்கிறது. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு உள்பட நிறைய இடங்கள் இப்படிச் செய்கின்றன. அப்படிப்பட்ட கல்லூரிக்கு மார்ச், ஜூன் இரண்டையும் அனுப்புங்கள். ஆகஸ்டில் இரண்டு பிரிவிலும் புதிதாக எதுவும் கூடவில்லை, அதை விட்டுவிடலாம்.

எந்தத் தேதியை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதிக்கு ஸ்கோர் சாய்ஸ் என்று பெயர். எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு 2009-ல் கொண்டுவந்தது. ஆனால் ஒரு தேதி என்றால் அந்தத் தேதி முழுசாகப் போகும், மார்ச் ரீடிங்கை மட்டும் அனுப்பி மார்ச் மேத்தை மறைக்க முடியாது. ஆகவே 670-ஐயும் பார்ப்பார்களே என்றால், பார்ப்பார்கள்தான். சூப்பர்ஸ்கோர் எடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிற கல்லூரி 750-ஐத்தான் கணக்கில் வைத்துக்கொள்ளும், 670-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் மகளைத் திட்டப்போவதில்லை. மூன்று தடவை எழுதுவதும் சாதாரணம்.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். சூப்பர்ஸ்கோர் எடுக்காமல் ஒரே நாளில் வந்த அதிகபட்ச மொத்தத்தைப் பார்க்கிற கல்லூரிகளும் இருக்கின்றன, அங்கே ஜூன் 1410 மட்டும் போதும். அப்புறம் ஜார்ஜ்டவுன் போன்ற இடங்கள். அவர்கள் ஸ்கோர் சாய்ஸை ஏற்பதில்லை, எழுதிய எல்லாத் தேதியும் வர வேண்டும் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடப்போவது உங்கள் மகள்தான். அங்கே மூன்றையும் அனுப்புங்கள், 1380, 1410, 1400 என்று வரிசையாக இருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கேள்வி: மகனுக்கு எஸ்.ஏ.டி. 1450. அவன் விரும்பும் கல்லூரி டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது ஸ்கோர் கொடுப்பது நம் விருப்பம். ஆனால் அவர்கள் இணையதளத்தில் 1480 முதல் 1550 வரை என்று போட்டிருக்கிறார்கள். அனுப்பினால் கெடுதலா, அனுப்பாவிட்டால் கெடுதலா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
வாசகர், டெக்சஸ்

வந்ததிலேயே கஷ்டமான கேள்வி இதுதான் ஐயா, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த 1480–1550 என்றால் என்ன? அது நடுப் பாதி. சேர்ந்த மாணவர்களில், ஸ்கோர் கொடுத்தவர்களை மட்டும் வரிசைப்படுத்தினால், கீழ்க் கால் பங்கு 1480-க்குக் கீழே, மேல் கால் பங்கு 1550-க்கு மேலே. அதாவது 1480 என்பது நுழைவுக் கோடு இல்லை, அதற்குக் கீழே வாங்கியும் ஸ்கோரைக் கொடுத்துச் சேர்ந்தவர்கள் நான்கில் ஒருவர். இதைப் பலர் கட்-ஆஃப் என்று நினைத்துக்கொண்டு விடுகிறார்கள், நம் ஊர் கட்-ஆஃப் பழக்கம் அப்படி.

அடுத்து, "ஸ்கோர் கொடுத்தவர்களை மட்டும்" என்று சொன்னேன் இல்லையா, சூட்சுமமே அங்கேதான். ஆப்ஷனல் ஆனதும் குறைந்த ஸ்கோர்காரர்கள் கொடுப்பதை நிறுத்துகிறார்கள். கொடுப்பவர்களின் சராசரி தானாக ஏறுகிறது. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் பேர் பயந்து நிறுத்துகிறார்கள், எண் மறுபடி ஏறுகிறது. மாணவர்கள் புத்திசாலிகள் ஆகிவிட்டதால் மட்டும் ஏறிய எண் இல்லை இது. எனவே அந்த வரம்பைப் பார்க்கும்போது பக்கத்திலேயே, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன, கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதியில் இரண்டு விவரமும் இருக்கும். பாதிப் பேர்கூடக் கொடுக்காத இடத்தில் 1480 என்பது ஊதிப்போன எண். முக்கால்வாசிப் பேர் கொடுக்கும் இடத்தில் அது நிஜமான எண், அங்கே கொடுக்காமல் விடுவது கண்ணில் படும்.

மூன்றாவது, உங்கள் மகன் எந்தப் பள்ளியில் படிக்கிறான்? ஸ்கோரை வெறும் எண்ணாகப் பார்ப்பதில்லை, அந்தப் பள்ளியின் பின்னணியில் வைத்துப் பார்க்கிறார்கள். டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியபோது அதன் பேராசிரியர்கள் செய்த ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. வசதி குறைந்த பின்னணியில் இருந்து 1400-களில் வாங்கிய பல மாணவர்கள், கொடுத்திருந்தால் உதவியிருக்கும் ஸ்கோரை, குறைவு என்று தாங்களாகவே நினைத்து மறைத்துவிட்டார்கள் என்பது அதில் தெரிந்த முக்கியமான விஷயம். பள்ளியில் எல்லோரும் 1000, 1050 வாங்கும்போது ஒருவன் 1450 வாங்கினால் அது பெரிய சாதனை, அதை மறைப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

ஆனால் உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது. அப்பா அம்மா இருவரும் நன்றாகப் படித்தவர்கள், புறநகரில் நல்ல பள்ளி, அந்தப் பள்ளியிலிருந்து அதே கல்லூரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் 1500-க்கு மேல் என்றால் கதை வேறு. மேலே சொன்ன கீழ்க் கால் பங்கில் விளையாட்டுக்காக எடுத்தவர்கள், குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் என்று தனிக் காரணம் உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள். உங்கள் மகன் அந்த வரிசையில் நிற்கவில்லை என்றால் அந்தக் கால் பங்கை நம்பி உட்கார முடியாது. கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் இதைச் சொல்லாமல் "தைரியமாக அனுப்புங்கள்" என்று எழுதுவது நியாயமில்லை.

என் கணக்கு இதுதான். வரம்புக்குள் அல்லது மேலே இருந்தால் யோசிக்காமல் அனுப்பலாம். கீழே இருந்து, பள்ளிச் சராசரியைவிட நன்றாக மேலே இருந்தாலும் அனுப்பலாம். கீழே, பள்ளியிலும் நடுத்தரம், ஆனால் மதிப்பெண் பட்டியலும் எடுத்த பாடங்களும் பலமாக இருக்கின்றன என்றால் விட்டுவிடுங்கள், அவை பேசட்டும். பிரிவையும் பாருங்கள். இன்ஜினியரிங்குக்குப் போடுகிறவனுக்கு 1450-ல் மேத் 790 என்றால் அனுப்பலாம் என்பேன், மேத் 680 என்றால் தயங்குவேன். சிகாகோ பல்கலைக்கழகம் போல சில இடங்கள், ஸ்கோர் உங்களுக்கு உதவினால் மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று எழுத்திலேயே சொல்கின்றன, அங்கே இந்தத் தலைவலி இல்லை.

இன்னொன்று, இந்த முடிவைப் பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே தடவையாக எடுக்காதீர்கள். அதே 1450 ஓர் இடத்தில் மறைக்க வேண்டியது, இன்னோர் இடத்தில் உதவித்தொகை வாங்கித் தரக்கூடியது. அலபாமா பல்கலைக்கழகம் மதிப்பெண் சராசரியும் தேர்வு ஸ்கோரும் பார்த்தே உதவித்தொகை கொடுக்கிறது. இது போன்ற இடத்தில் சேர்க்கைக்கு ஸ்கோர் தேவையா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பணத்துக்குத் தேவையா என்று தனியாகக் கேளுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஸ்கோர் சேர்க்கட்டுமா வேண்டாமா என்ற கேள்வியைத் தனித்தனியாகவே கேட்கிறார்கள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவன். எஸ்.ஏ.டி.க்குப் பதிவு செய்தால் நான்கு கல்லூரிக்கு ஸ்கோரை இலவசமாக அனுப்பலாமே. அப்பா "சும்மா கொடுப்பதை ஏன் விடுகிறாய்" என்கிறார். அனுப்பட்டுமா?

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று ஒரு கேலி உண்டு தம்பி, அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அந்த நான்கும் தேர்வுக்குப் பின் ஒன்பது நாள் வரைக்கும்தான் இலவசம். ஸ்கோர் வருவதோ அதற்கும் பிறகு. அதாவது என்ன வாங்கினாய் என்றே தெரியாமல் அனுப்புகிறாய். முதல் தடவை எழுதுகிறவன், ஆப்ஷனல் கல்லூரிகளைப் பட்டியலில் வைத்திருப்பவன், இதைச் செய்யக் கூடாது.

காத்திருந்து பிறகு அனுப்பினால் ஒரு கல்லூரிக்கு 15 டாலர் அளவில் ஆகும். ஆனால் அதுகூடப் பல இடங்களுக்கு இப்போது தேவையில்லை. விண்ணப்பத்தில் நீயே ஸ்கோரைத் தட்டச்சு செய்தால் போதும் என்று நிறையக் கல்லூரிகள் சொல்கின்றன, சேர்வது என்று முடிவான பிறகுதான் காலேஜ் போர்டிலிருந்து அதிகாரபூர்வமாக வர வேண்டும். பத்துக் கல்லூரிக்குப் போட்டாலும் கடைசியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் பணம் கட்டுவாய். ஆகவே மிச்சம் பிடிக்கும் வழி அதுதான் என்று அப்பாவிடம் சொல். குடும்ப வருமானத்தால் கட்டண விலக்கு கிடைத்திருந்தால் எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் இலவசம், எப்போது வேண்டுமானாலும், அதனால் அவசரமே இல்லை.

கேள்வி: ஏ.சி.டி. 33, எஸ்.ஏ.டி. 1440. இரண்டும் அனுப்பினால் பலமா?

கூடுதல் பலம் ஒன்றும் இல்லை. இரண்டு தேர்வு அமைப்புகளும் சேர்ந்து 2018-ல் ஒரு ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டன. அதன்படி ஏ.சி.டி. 33 என்பது எஸ்.ஏ.டி. 1450–1480. எனவே 33 ஒரு நூல் மேலே, அதை அனுப்புங்கள். எஸ்.ஏ.டி. மேத் மட்டும் 780, 790 என்று தனியாக மின்னினால், கணிதம் சார்ந்த படிப்புக்கு இரண்டையும் அனுப்பலாம். ஆனால் ஏ.சி.டி. இங்கிலீஷையும் எஸ்.ஏ.டி. மேத்தையும் கலந்து யாரும் சூப்பர்ஸ்கோர் போட மாட்டார்கள்.

ஏ.சி.டி. எழுதப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025-லிருந்து அதில் சயின்ஸ் பகுதி விருப்பப் பகுதியாகிவிட்டது, மொத்த ஸ்கோர் இங்கிலீஷ், மேத், ரீடிங் மூன்றின் சராசரி. உங்கள் கல்லூரி சயின்ஸ் கேட்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: யு.சி. பெர்க்லிக்கும் யு.சி.எல்.ஏ.வுக்கும் என் பெண்ணின் 1540-ஐ அனுப்ப வேண்டும். எந்த முகவரி?
வாசகி, கலிஃபோர்னியா

அனுப்பவே வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களும் டெஸ்ட் பிளைண்ட், சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டையும் பார்ப்பதே இல்லை. கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். 1540 வாங்கிய பிள்ளைக்கு இது வருத்தமாக இருக்கும், புரிகிறது. ஆனால் அதே மாநிலத்தில் ஸ்டான்ஃபோர்டும் கால்டெக்கும் கட்டாயம் கேட்கின்றன, அங்கே அந்த எண் வேலை செய்யட்டும். யு.சி. விண்ணப்பத்தில், தன்னைப் பற்றி எழுத வேண்டிய பர்சனல் இன்சைட் கேள்விகளுக்கு உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: டெஸ்ட் ஆப்ஷனல் என்பதே ஏமாற்று, அனுப்பாவிட்டால் குறைவு என்றுதான் நினைப்பார்கள் என்கிறார் என் அத்தான். அவர் மகன் 2021-ல் சேர்ந்தவன். அவர் சொல்வது உண்மையா?

அத்தான் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் 2021 அனுபவத்தை வைத்து இப்போது பேசக் கூடாது. அந்த வருஷம் கொரோனாவில் தேர்வு மையங்களே மூடிக் கிடந்தன, ஸ்கோர் இல்லை என்றால் யாரும் புருவம் உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு எம்.ஐ.டி. 2022-ல் கட்டாயத்துக்குத் திரும்பியது. 2024-ல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், டெக்சஸ் ஆஸ்டின் என்று வரிசையாக அறிவித்தார்கள். யேல் வேறு மாதிரி, எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., பள்ளியிலேயே உயர்நிலைப் பாடங்களுக்கு எழுதும் ஏ.பி., ஐ.பி. தேர்வுகள், இந்த நான்கில் ஏதாவது ஒன்று கொடுத்தாக வேண்டும் என்கிறது. இன்னொரு பக்கம் போடின் கல்லூரி 1969-லிருந்தே ஆப்ஷனல், அங்கே அனுப்பாதவனைச் சந்தேகப்படுவார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இப்போது தேர்வு எழுதும் வசதி பெரும்பாலான இடங்களில் இருக்கிறது என்பதால், போட்டி அதிகமான சில இடங்களில், வசதியான பள்ளியிலிருந்து வருகிறவனிடம் ஸ்கோர் இல்லை என்றால் மனதுக்குள் ஒரு கேள்வி எழலாம். அவ்வளவுதான் அத்தான் கட்சிக்கு என்னால் கொடுக்க முடிந்தது. விதி வருஷா வருஷம் மாறுவதால், யார் சொன்னாலும், நான் சொன்னாலும், விண்ணப்பிக்கும் ஆண்டின் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கேள்வி: போன சனிக்கிழமை எஸ்.ஏ.டி. மோசமாக எழுதிவிட்டேன். கேன்சல் செய்யட்டுமா?

தேர்வுக்கு அடுத்து வரும் வியாழன் இரவு வரைக்கும் கேன்சல் செய்ய முடியும். ஆனால் செய்யாதே. கேன்சல் செய்தால் என்ன வந்தது என்று உனக்கே தெரியாது, மோசம் என்று நினைத்த அன்றுதான் மேத் நன்றாக வந்திருக்கும், சூப்பர்ஸ்கோருக்கு உதவும். பிடிக்காவிட்டால் ஸ்கோர் சாய்ஸ் இருக்கவே இருக்கிறது. இலவச நான்கில் கல்லூரிப் பெயர் போட்டிருந்தால், ஒன்பது நாள் முடிவதற்குள் உள்ளே போய் அதை எடுத்துவிடு. தேர்வின் நடுவில் உடம்பு சரியில்லாமல் போய்ப் பாதியில் எழுந்து வந்தாய் என்றால் மட்டும் கேன்சல் பற்றி யோசிக்கலாம்.

எல்லோரும் மறக்கிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில பள்ளிகள் மாணவரின் டிரான்ஸ்கிரிப்டிலேயே, அதாவது மதிப்பெண் பட்டியலிலேயே, எஸ்.ஏ.டி. ஸ்கோரை அச்சடித்து அனுப்பிவிடுகின்றன. நீ இங்கே கவனமாக ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க, அங்கே கவுன்சிலர் ஆபீஸிலிருந்து எல்லாமே போய்விடும். உன் டிரான்ஸ்கிரிப்டின் நகலை வாங்கிப் பார். இருந்தால் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடு, பல பள்ளிகள் கேட்டால் எடுத்துவிடும்.

கேள்வி: ஏ.பி. தேர்வுகளில் 5, 5, 4, 2. எல்லாவற்றையும் போடணுமா?

போட வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் நாமே எழுதிக் கொடுப்பதுதான், 5, 5, 4 மட்டும் போடுங்கள். 3 வாங்கியவர்கள் கல்லூரியைப் பார்த்து முடிவு செய்யலாம். மேலே சொன்ன யேலில் எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி.யைக் காட்டுவது என்றால் மட்டும் அதுவரை எழுதிய எல்லா ஏ.பி. ஸ்கோரும் வர வேண்டும், 2 உள்பட. அப்படியானால் அங்கே எஸ்.ஏ.டி.யைக் கொடுப்பதே மேல்.

கேள்வி: மகனுக்கு 1520. கல்லூரியின் வரம்பு 1500–1560. நண்பன் 1570 வாங்கிவிட்டானாம், "என் ஸ்கோர் கேவலம், அனுப்ப மாட்டேன்" என்று அடம் பிடிக்கிறான். நான் அனுப்பு என்கிறேன். யார் சொல்வது சரி?
வாசகி, இலினாய்

நீங்கள் சொல்வதுதான் சரி. வரம்புக்குள் இருக்கும் 1520-ஐ மறைக்க ஒரு காரணமும் இல்லை, நண்பனின் 1570 அவன் விண்ணப்பத்தில் இருக்கப்போகிறது, உங்கள் மகனுடையதில் இல்லை. ஆனால் காலேஜ் போர்டு கணக்கு மகன் பெயரில்தான் இருக்கும், காமன் ஆப்பும் அப்படியே. அதனால் இந்தப் பக்கத்தை என் பெயரைச் சொல்லி அவனிடம் படிக்கக் கொடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள், அம்மா சொன்னால் கேட்காதவன் பத்திரிகையில் வந்தால் கேட்பான்.